பத்துக்கு ஆறு

வீட்டில் அவளை லிஸ்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சமையலறை அலமாரியின் கதவில் எந்தத் தட்டில் எந்த டப்பா என்று ஒரு தாள் எழுதி ஒட்டியதில் வந்த பெயர் அது. ஒரு தடவை ஆஸ்பத்திரிப் படிவத்தில் மாமியார் 'மருமகள் பெயர்' என்ற இடத்தில் லிஸ்ட்டு என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். நர்ஸ் அதை உரக்கப் படித்தபோது இவள் எழுந்து போய் நின்றாள். வேறு என்ன செய்வது?

அந்தக் கை அரிப்புக்கு இணையத்தில் கூலி உண்டு என்று அவள் கண்டுபிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. சமையலறைச் சாமான்களை ஒப்பிட்டு எழுதும் ஒரு தளம் தொடங்கினாள். ஐந்து சிறந்த வடிகட்டிகள், ஏழு சிறந்த கத்தரிக்கோல்கள் என்று வாரம் ஒரு பட்டியல். ஒவ்வொரு சாமானுக்குக் கீழேயும் ஒரு லிங்க். படிக்கிறவர் அதை அமுக்கிக் கடைக்குப் போய் வாங்கினால் கடை அவளுக்குக் கமிஷன் கொடுக்கும்.

கொடுப்பது நேரடியாக இல்லை. கடைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் உட்கார்ந்திருக்கும். யாருடைய லிங்க் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுவதும், எண்ணியதற்கு மாதக் கடைசியில் பட்டுவாடா செய்வதும் அதன் வேலை. அது எத்தனை என்று சொல்கிறதோ அத்தனைதான். திரும்ப எண்ணிப் பார்க்க இவளுக்கு வழியில்லை.

ஆரம்பத்திலிருந்து அவள் ஒரு பழைய நெட்வொர்க்கில் இருந்தாள். அவர்கள் விற்பனைக்கு ஏழு சதவீதம் கொடுத்தார்கள். பக்கத்தைத் திறந்தால் அழுது வடியும். ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வேறு எதையோ தேடப் போய், நெட்வொர்க்குகளையே ஒப்பிட்டு எழுதும் ஒரு தளம் கண்ணில் பட்டது. பன்னிரண்டு நெட்வொர்க்குகள், ஆறு பத்திகள், பச்சை, மஞ்சள், சிவப்பு. முதல் இடத்தில் இருந்ததன் தலையில் சின்னதாக ஒரு கிரீடம். பத்து சதவீதம்; பட்டுவாடா நம்பகம் தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு. கீழே, பணம் வந்ததற்குச் சாட்சியாக நாலு பேருடைய ஸ்கிரீன்ஷாட்.

பட்டியல் போடுகிறவளுக்குப் பட்டியலைக் கண்டால் சந்தேகம் வராது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லா லிங்க்கையும் கிரீடத்துக்கு மாற்றிவிட்டாள்.

முதல் மாதம் வருமானம் குறைந்தது. இரண்டாம் மாதம் இன்னும் குறைந்தது. தளத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. தன் எழுத்துதான் சப்பென்று ஆகிவிட்டதோ என்று பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்து, அற்புதமான, அபாரமான என்று அங்கங்கே சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனார் வந்தார். கணவனுக்கு மூத்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எடை, அளவு ஆய்வாளர். கிழிந்த துணிப்பையோடு கடை கடையாகப் போய்ச் சாதாரண ஆளைப் போலச் சாமான் வாங்கி, வெளியே வந்து தன் தராசில் போட்டுப் பார்த்து, திரும்ப உள்ளே நுழைகிறவர். அவர் திரும்ப உள்ளே நுழையும்போது கடைக்காரர்கள் எடைக்கல்லை ஒளிக்க ஓடுவார்கள்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"ஏழு வேண்டாம்னு பத்துக்கு மாறினேன் அண்ணி. ஏழு வந்தப்ப வந்ததைவிடக் கம்மியா வருது."

"பத்துன்னு யாரு சொன்னா?"

லிஸ்ட்டு அந்த வண்ணப் பட்டியலைக் காட்டினாள். நாத்தனார் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கிரீடத்தைப் பார்க்கவில்லை, சதவீதத்தையும் பார்க்கவில்லை. தராசில் முதலில் முத்திரைத் தேதியைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. நேராகக் கீழே இறங்கி ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போனார்.

"இது எந்த மாசம்?"

"ஜூன்."

"ஜூனுக்கு எத்தனை நாள்?"

"முப்பது."

"அப்புறம் முப்பத்தொண்ணாம் தேதி இவருக்குக் காசு வந்திருக்கே. எந்த பேங்க்குன்னு கேட்டுச் சொல்லு. நானும் அங்க கணக்கு ஆரம்பிக்கணும்."

லிஸ்ட்டு குனிந்து பார்த்தாள். முப்பத்தொன்று என்றுதான் இருந்தது. கொட்டை எழுத்தில்.

கிரீடத்தின் மேல் இருந்த 'இப்போதே சேருங்கள்' பொத்தானை அவள் இப்போதுதான் தொழில்காரக் கண்ணோடு பார்த்தாள். அவளே தினம் உருவாக்குகிற லிங்க்கின் வால், யார் அனுப்பிய ஆள் என்று சொல்லும் குறியீடு, அதிலும் தொங்கியது. அதை அமுக்கிச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் கிரீடம் அந்தத் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறது. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்கள் தலையில் கிரீடம். அவளும் அப்படிச் சேர்ந்தவள்தான்.

"கடைக்காரன் கிட்டக் காசு வாங்கிட்டு அவன் தராசுக்குச் சர்ட்டிஃபிகேட் கொடுத்திருக்காங்க," என்றார் நாத்தனார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பிடிக்கத் தோதான ஆள் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

"கிரீடத்துக்கே கேட்டு எழுதட்டுமா அண்ணி?"

"நான் எந்தக் கடைக்காவது போய், உங்க தராசு சரியான்னு கேட்டிருக்கேனா? ஒரு கிலோ வாங்குவேன். எடை போடுவேன். அவ்வளவுதான்."

திட்டம் அரை மணி நேரத்தில் உருவாயிற்று. லிஸ்ட்டு லிங்க் கொடுக்கிற கடை மூன்று நெட்வொர்க்குகளில் இருந்தது: பழையது, நடுத்தரமான இன்னொன்று, கிரீடம். மூன்றிலும் ஒரே பொருளுக்கு ஒரு லிங்க். ஒவ்வொரு லிங்க்கிலும் பத்துப் பேர் வாங்க வேண்டும். பிறகு யார் எத்தனை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"ஆனா நாமளே வாங்கக் கூடாது அண்ணி. சொந்த லிங்க்ல சொந்த வீட்டு ஆளுங்க வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"எடு அந்த விதியை." நாத்தனார் பென்சிலால் வரி வரியாகத் தட்டிக்கொண்டே படித்தார். "ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்கள்னு இருக்கு. சொந்தக்காரங்கன்னு எங்கயும் இல்ல. நம்ம கூட்டத்துல முப்பது கூரை தேறாது? ஒண்ணு மட்டும். எல்லாரும் நிஜமா காசு கொடுத்து வாங்கணும், வாங்கினதை வச்சுக்கணும். நடிப்பு கிடிப்பு கூடாது."

எல்லாரையும் வாங்கச் சொல்ல வேண்டுமானால் விலை குறைவாக இருக்க வேண்டும். லிஸ்ட்டின் 'ஐந்து சிறந்த தோல் சீவிகள்' பட்டியலில் முதலிடத்தில் இருந்த சீவி நூறுதான். அதையே வைத்துக்கொண்டார்கள்.

முப்பது சொந்தக்காரர்களைத் தோல் சீவி வாங்க வைப்பது முப்பது பேரைக் கல்யாணத்துக்குக் கிளப்புவதைவிடக் கஷ்டம் என்று அடுத்த நாலு நாளில் லிஸ்ட்டுக்குப் புரிந்தது. பெரியம்மா பேரம் பேசாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர். கடையின் உதவி எண்ணுக்கு அடித்து, "முப்பது பேர் வாங்கப் போறோம், பார்த்துப் போட்டுக் கொடுங்க," என்று இருபது நிமிஷம் வாதாடிப் பத்துக் குறைத்துக்கொண்டுதான் விட்டார். ஓய்வு பெற்ற கண்டக்டர் சித்தப்பாவுக்கு வேறு கவலை.

"இந்த லிங்க்கை அமுக்கினா என் பேங்க் காசு மொத்தமும் போயிடாதே?"

"போகாது சித்தப்பா. நூறுதான் போகும்."

"நூறு போகும்னு இவ்வளவு தைரியமா சொல்றியே!"

எல்லாரிடமிருந்தும் ரசீது எண்ணை வாங்கி, லிங்க் வாரியாக மூன்று நிறத்தில் எழுதிவைத்தாள் லிஸ்ட்டு. ஐந்தாம் நாள் நாத்தனார் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நெட்வொர்க்குகளின் கணக்குப் பக்கத்தையும் திறந்தார்கள்.

பழையது பத்துக்குப் பத்து எண்ணியிருந்தது.

நடுத்தரமானது ஒன்பது. விட்டுப்போனது சித்தப்பா. விசாரித்ததில், அவர் லிங்க்கை அமுக்கியதும் பயந்துபோய் மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து மகளுடைய போனில் கடையின் பெயரைத் தட்டி வாங்கியிருக்கிறார். "அது அவங்க தப்பில்ல," என்று நாத்தனார் அதை மன்னித்தார்.

கிரீடம் ஆறு.

விட்டுப்போன நாலு பேரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டாள் லிஸ்ட்டு. லிங்க்கை அமுக்கினோம், அப்படியே வாங்கினோம் என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ரசீதும் இருந்தது. அவள் ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். ஒரு சீவி நூறு. பத்து சதவீதம், ஆறு சீவிக்கு: அறுபது. ஏழு சதவீதம், பத்து சீவிக்கு: எழுபது.

"ரெண்டு மாசமா என் தலையில மிளகாய் அரைச்சிருக்காங்க அண்ணி," என்றாள். எழுத்து சப்பென்று ஆகிவிட்டதாக நினைத்து எத்தனை 'அபாரமான' சேர்த்தாள்!

கிரீடத்தின் சார்பில் அவளைக் கவனித்துக்கொள்ள ஒரு மேலாளர் இருந்தான். குரலில் எப்போதும் அரைக் கிலோ சர்க்கரை. அதனால் அவனுக்கு வீட்டில் சர்க்கரை என்றே பெயர். புதன்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் பேச ஒப்புக்கொண்டான்.

"மேடம், எப்படி இருக்கீங்க? உங்க தளத்தை எங்க டீம்ல எல்லாரும் பாராட்டறாங்க."

"பத்துப் பேர் வாங்கினாங்க. நீங்க ஆறு எண்ணியிருக்கீங்க."

அவன் சிரிப்பு துளிகூடக் குறையவில்லை. "அது வந்து மேடம், தொழில்நுட்பத்துல கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். இந்தத் துறைக்கே இயல்பு."

நாத்தனார் படத்துக்குள் தலையை நீட்டினார். "தம்பி, ஒரு சந்தேகம். இந்தக் கசிவு எப்பவும் உங்க பக்கமாவே ஏன் வடியுது? ஒரு தடவையாவது பத்துக்குப் பதினொண்ணுன்னு எண்ணியிருக்கீங்களா?"

சர்க்கரை தண்ணீர் குடித்தான். "இவங்க...?"

"எங்க நாத்தனார். எடை அளவுத் துறையில இருக்காங்க."

"ஓ. சந்தோஷம். ஆனா மேடம், அந்த நாலு விற்பனையும் நிஜமான வாடிக்கையாளர்களான்னு நாங்க உறுதி செய்ய..."

இதைத்தான் நாத்தனார் எதிர்பார்த்திருந்தார். அறைக் கதவைப் பார்த்து, "வாங்க," என்றார். நாலு பேரும் வரிசையாக உள்ளே வந்து மடிக்கணினி முன்னால் நின்றார்கள்: பெரியம்மா, பல் டாக்டரான ஒன்றுவிட்ட அக்கா, தையல்காரர் மாமா, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மச்சான். நாலு பேர் கையிலும் ஆளுக்கொரு பச்சைத் தோல் சீவி. அடுத்த கையில் ரசீதோடு போன். மச்சானின் கட்டைவிரலில் பெரிய கட்டு.

"நிஜமான வாடிக்கையாளர்தான் சார்," என்றான் மச்சான், விரலைப் படத்துக்கு முன்னால் நீட்டி. "ரத்தமே சிந்தியிருக்கேன்."

"தம்பி, எனக்குப் பத்துக் குறைச்சுக் கொடுத்தாங்க. அதையும் சேர்த்து எழுதிக்குங்க," என்றார் பெரியம்மா.

சர்க்கரை தன் பின்னால் இருந்த சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. "சரி மேடம். உங்க கணக்குல மட்டும் ஸ்பெஷலா அந்த நாலையும் சேர்த்துடறேன். வெளியில சொல்ல வேண்டாம்."

"எங்க பைக்கு மட்டும் எடை கூட்டிப் போடற கடையை நான் நிறையப் பார்த்திருக்கேன் தம்பி," என்றார் நாத்தனார். "சேருங்க. ஆனா வெளியில சொல்லத்தான் போறோம்."

திரை அணைந்ததும் அறையே அதிர்ந்தது. தையல்காரர் மாமா சர்க்கரை தண்ணீர் குடித்த மாதிரி குடித்துக் காட்டினார். லிஸ்ட்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் டீ போட எழுந்தபோது மச்சான் விரலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அதெல்லாம் சரி. இந்த பீலர் நல்லதுன்னு யாரு சொன்னது?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்," என்றார் பெரியம்மா. "தோலை அப்படியே விட்டுட்டுக் கிழங்கைச் சீவுது."

"என்கிட்ட வர்ற ஆறு வயசுப் பிள்ளைக்கு இதைவிடக் கூரா பல்லு இருக்கு," என்றாள் பல் டாக்டர்.

தையல்காரர் மாமா தன் சீவியை மேசைமேல் வைத்தார். பிடி தனியாக, தகடு தனியாக வைத்தார்.

நாத்தனார் மெதுவாகத் திரும்பி லிஸ்ட்டைப் பார்த்தார். கடைக்குள் திரும்ப நுழையும்போது பார்க்கிற பார்வை. "உன் பட்டியல்ல இதுதான் முதல் இடம், இல்ல?"

"ஆமா அண்ணி."

"படி, என்ன எழுதியிருக்கேன்னு."

லிஸ்ட்டு படித்தாள். குரல் போகப் போகச் சின்னதாயிற்று. "நாங்கள் சோதித்த சீவிகளில் இதுவே முதன்மையானது. உருளைக்கிழங்கின் மேல் அபாரமாக வழுக்கிக்கொண்டு போகும்."

"யாரு அந்த நாங்கள்?"

லிஸ்ட்டு மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

"இதைக் கையில எடுத்துப் பார்த்திருக்கியா?"

"போட்டோவுல பார்த்தேன்."

"அப்புறம் ஏன் முதல் இடம்?"

"இந்த பிராண்டுக்கு மட்டும் கடை, நெட்வொர்க் கமிஷன் போக, வருஷக் கடைசியில தனியா மூணு சதவீதம் போட்டுக் கொடுக்குது அண்ணி."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கிரீடத்தை வைத்தவன் செய்த அதே காரியம். ஒரே வித்தியாசம், அவளுக்குக் கிரீடம் வரையத் தெரியாது. முகம் சிவந்து, அடுப்படிக்குப் போய், தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெகு நேரம் நின்றாள். முப்பது வீட்டில் முப்பது மொண்ணைச் சீவிகள்! அதுவும் சொந்தக்காரர்கள். ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

நாத்தனார் பின்னாலேயே வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"மாட்டினவங்க எல்லாரும் ஒண்ணுதான் சொல்வாங்க, என் தராசு இல்ல, பக்கத்துக் கடைக்காரன் தராசுன்னு. நீ அதைச் சொல்லல. அது போதும். சனிக்கிழமை அஞ்சு பீலரையும் வாங்கி வை. பத்துக் கிலோ உருளைக்கிழங்கும்."

சனிக்கிழமை பகல் சாப்பாட்டு மேசையில் சோதனை நடந்தது. லிஸ்ட்டு தன் பட்டியலில் இருந்த ஐந்து சீவிகளின் பிடியிலும் கறுப்பு நாடாவைச் சுற்றி, எது எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியாமல் எண் போட்டாள். ஒன்பது பேர் ஆளுக்குப் பத்துக் கிழங்கு, சீவிக்கு இரண்டாகச் சீவினார்கள். தோலோடு எவ்வளவு கிழங்கு போகிறது என்று எடை போட வேண்டும். அலுவலகத் தராசைச் சொந்த வேலைக்கு எடுக்க மாட்டேன் என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கீழ் வீட்டு நகைக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார்கள். பொன் நிறுக்கிற தராசில் உருளைத் தோலைப் பார்த்ததும் அவரும் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் எல்லாரையும்விட மெதுவாகச் சீவினான். சேதாரமும் அவனுக்குத்தான் குறைவு.

கறுப்பு நாடாவைப் பிரித்தபோது பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது முதலில் வந்தது. விலை அறுபது. சந்தையில் தகர டப்பாவில் போட்டு விற்பது. ஐந்து ஆக வேண்டுமே என்று லிங்க் இல்லாமல் அவள் சேர்த்த ஒரே சாமான்; அதற்கு எந்த நெட்வொர்க்கும் இல்லை. விற்றால் அவளுக்குச் செப்புக்காசு கிடையாது. முதலிடத்துக்காரன் ஐந்தாவதாக வந்தான், அதுவும் மிகவும் தள்ளி.

பத்துக் கிலோ கிழங்கை அந்த வீடு ஒரு வாரம் தின்றது. மாமியார் நாலாம் நாள், "அடுத்து ஐஸ்கிரீம் கரண்டி ஏதாவது சோதிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை லிஸ்ட்டு இரண்டு பக்கங்கள் வெளியிட்டாள். ஒன்று சீவிகள். பழைய வரிசையும் இருந்தது, புது வரிசையும் இருந்தது. பழையது எப்படி வந்தது என்பதும் இருந்தது. அந்தப் பத்தியை எழுத மட்டும் அவளுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. இனி ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அதனால் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுதப்படும் என்றாள். தகர டப்பாச் சீவிக்கு நேராகப் பூஜ்யம் என்று போட்டாள்.

இன்னொன்று நெட்வொர்க்குகள். பத்து, ஒன்பது, ஆறு. சித்தப்பா பயந்து மூடிய கதை வரைக்கும் விவரமாக எழுதி, இப்படித்தான் எண்ணினோம், நீங்களும் எண்ணிப் பாருங்கள் என்று முடித்தாள். எந்த நெட்வொர்க்குக்கும் சேரச் சொல்லும் லிங்க் வைக்கவில்லை.

இரண்டாம் நாளே கிரீடம் அவள் கணக்கை மூடியது. விதிமீறல், நெருங்கிய உறவினர்கள் கொள்முதல் என்று காரணம் எழுதியிருந்தார்கள். "உறவுன்னு இப்பத்தான் சேர்த்திருக்காங்க," என்று நாத்தனார் புது விதியையும் பழைய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். லிஸ்ட்டு அதையும் படம் பிடித்துப் போட்டாள். கிரீடம் வைத்த ஒப்பீட்டுத் தளம் ஜூன் முப்பத்தொன்றை ஜூன் முப்பதாக மாற்றியது. வேறு எதையும் மாற்றவில்லை.

ஆனால் மற்ற தளக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எனக்குப் பத்துக்கு ஏழு, எனக்கு எட்டு, எனக்கு ஐந்து என்று கடிதம் வரத் தொடங்கியது. ஒருவர் தன் மாமனார் வீட்டார் பன்னிரண்டு பேரையும் குடை வாங்க வைத்ததாக எழுதியிருந்தார். கிரீடம் மூன்று மாதம் கழித்து, எண்ணும் முறையை மேம்படுத்தியிருக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு விட்டது. அவளுடைய வருமானம் முதலில் பாதியாயிற்று. பிறகு பழைய நெட்வொர்க்கோடு தட்டுத்தடுமாறி முக்கால் வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. பரவாயில்லை என்று அவள் சொல்லிக்கொண்டாலும் மாதக் கடைசியில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஒரு நாள் அந்த நடுத்தர நெட்வொர்க்கிடமிருந்து கடிதம் வந்தது. தங்களை முதலிடத்துக்கு மாற்றினால் அவளுக்கு மட்டும் பன்னிரண்டு சதவீதம் தரத் தயார் என்று பவ்வியமாக எழுதியிருந்தார்கள். அவள் அதைப் படித்தாள், எழுந்து நடந்தாள், திரும்ப வந்து படித்தாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"என்ன பதில் எழுதப் போற?" என்றார் நாத்தனார்.

"நன்றின்னு எழுதிட்டேன் அண்ணி. பட்டியல்ல புதுசா ஒரு பத்தி சேர்க்கறேன்னும் எழுதிட்டேன்."

"என்ன பத்தி?"

"முதல் இடம் கேட்டு வந்த கடிதங்கள்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்ன என்று கேட்டது போனில் கேட்டது. அன்றைக்கே அந்தப் பத்தி ஏறியது. அப்போது அதில் ஒன்று என்று இருந்தது. வருஷக் கடைசியில் நாலு.